குரல் போனவர் கட்டிய கொயர்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருக்கிற பாடகருக்கு நல்ல குரல் கிடையாது. அவருடைய இசைத்தட்டு எதையாவது போட்டால் அரை நிமிடத்தில் உங்களுக்கே தெரிந்துவிடும். மேலே போனால் குரல் உடையும். கீழே இறங்கினால் பாட்டு பேச்சாகிவிடும். நடுவில் ஓயாத கரகரப்பு. நம் ஊர் வானொலி நிலையத்துக் குரல் தேர்வுக்கு வந்திருந்தால் வாசலோடு அனுப்பியிருப்பார்கள். (சிரிப்பு) இவரைத்தான் அமெரிக்கக் கறுப்பின மக்களின் சபைகள் தங்கள் ஆலயப் பாட்டான காஸ்பெல் இசையின் அரசர் என்று கொண்டாடின. பெயர் ரெவரெண்ட் ஜேம்ஸ் கிளீவ்லாண்ட்.

மஹாலியா ஜாக்சனை நம்மில் பலருக்குத் தெரியும். ஆரெத்தா ஃபிராங்க்ளினைத் தெரியாதவர் குறைவு. கிளீவ்லாண்டின் பெயர் நம் பக்கம் அவ்வளவாக வந்து சேரவில்லை. தனிக் குரல் எங்கும் பயணப்படும், ஒரு ரேடியோப் பெட்டி போதும். கிளீவ்லாண்டின் கலையோ ஒரு அறை நிறைய ஆட்கள் இருந்தால்தான் நடக்கும். அவர் பாடகராகவும் இருந்தார், பாஸ்டராகவும் இருந்தார் என்று வாழ்க்கைக் குறிப்புகளில் எழுதுகிறார்கள். இரண்டு வேலைகள் போல. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எதிரே உட்கார்ந்திருப்பவர்களை வாய் திறக்க வைப்பது என்ற ஒரே வேலையைத்தான் அவர் ஆயுள் முழுக்கச் செய்தார். அதைப் பியானோவில் இருந்து செய்தால் பாடகர், பிரசங்க பீடத்தில் இருந்து செய்தால் பாஸ்டர்.

1931 டிசம்பர் 5 அன்று சிகாகோவில் பிறந்தார். அந்தக் காலத்துச் சிகாகோவின் தெற்குப் பகுதியைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். மிசிசிப்பி, அலபாமா, ஜார்ஜியா என்று தென் மாநிலங்களின் பருத்திக் காடுகளை விட்டு, வெள்ளையரின் கும்பல் கொலைகளையும் விட்டு, லட்சக்கணக்கான கறுப்பின மக்கள் ரயிலேறி வடக்கே வந்துகொண்டிருந்தார்கள். வந்தவர்கள் தங்கள் சபைகளையும் கையோடு கொண்டுவந்தார்கள். அப்படி வளர்ந்த சபைகளில் ஒன்று பில்கிரிம் பாப்டிஸ்ட் சபை. அதன் கட்டடம் முதலில் யூதர்களின் ஜெபாலயம். ஆட்லர், சல்லிவன் என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞர்கள் 1890-91இல் கட்டியது. 1922இல் பாப்டிஸ்டுகள் கைக்கு வந்தது. 2006இல் தீப்பிடித்து, இப்போது சுவர்கள் மட்டும் நிற்கின்றன. ஜேம்ஸின் பாட்டி அந்தச் சபையின் கொயரில் பாடினார். பயிற்சிக்குப் போகும்போது பேரனையும் கூட்டிப்போவார்.

அங்கே இசைக்குப் பொறுப்பாக இருந்தவர் தாமஸ் டோர்சி. அவரைப் பற்றித் தனியாக ஒரு நாள் பேசலாம். ஜார்ஜியா டாம் என்ற பெயரில் ப்ளூஸ் வாசித்தவர். மா ரெய்னிக்குப் பியானோ வாசித்தவர். மதுக்கடைகளில் ஓடிய பச்சையான பாட்டுகளுக்குச் சொந்தக்காரர். 1932இல் பிரசவத்தில் மனைவி இறந்தார், குழந்தையும் தங்கவில்லை. அந்தத் துக்கத்தில் அவர் எழுதிய ஜெபப் பாட்டு இன்றும் உலகமெங்கும் அடக்க ஆராதனைகளில் பாடப்படுகிறது. ப்ளூஸின் தாளத்தையும் வளைவையும் ஆலயத்துக்குள் கொண்டுவந்தவர் அவர். பெரிய சபைகள் பலவும் முதலில் அவரை வாசலில் நிறுத்தின. சாராயக் கடைச் சரக்கு சந்நிதிக்கு ஆகாது என்றார்கள். அந்த மனிதரின் கண்ணெதிரில்தான் சிறுவன் ஜேம்ஸ் எட்டு வயதில் தனிப்பாட்டுப் பாடினான்.

வீட்டில் பியானோ வாங்க வசதியில்லை. ஜன்னல் விளிம்பில் இருந்த வெடிப்புகளையும் மேடுகளையும் கறுப்பு வெள்ளைக் கட்டைகளாக வைத்துக்கொண்டு இரவில் விரல் பழகியதாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். செய்தித்தாள் போட்டுச் சம்பாதித்தான். அவன் பேப்பர் போட்ட வீடுகளில் மஹாலியா ஜாக்சனின் வீடும் ஒன்று. கதவில் காதை வைத்துக் கேட்பானாம். கேட்டுக் கற்றுக்கொண்டவன் என்பதைக் கவனியுங்கள். பிறகு அவர் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததும் காது வழியாகத்தான்.

சிறுவனாக இருந்தபோது உச்சஸ்தாயியில் பாடும் குரல் அவனுக்கு இருந்தது. பதின்ம வயதில் தார்ன் குரூசேடர்ஸ் என்ற குழுவில் சேர்ந்தான். குரல் உடைகிற வயது. ஓய்வு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்கவில்லை. கத்திக் கத்திப் பாடியதில் தொண்டை கெட்டது. அந்த இனிய குரல் திரும்பி வரவே இல்லை. வேறொருவராக இருந்தால் இசையை விட்டே போயிருப்பார். இவர் பாட்டு எழுதப் போனார். காஸ்பெல் உலகில் அன்று பெரிய ஆளாக இருந்த ராபர்ட்டா மார்ட்டின் அம்மையார் பாடகி, பியானோக் கலைஞர், பாட்டுகளை அச்சிட்டு விற்கும் பதிப்பாளர் எல்லாமும் ஆவார். இருபது வயதுகூட ஆகாத ஜேம்ஸின் பாடல்களை அவருடைய குழு பாடியது. அவர் பியானோ வாசித்த விதமும், இடம்விட்டு இடம்விட்டு வாசித்த நாசூக்கும் ஜேம்ஸின் விரல்களில் கடைசிவரை இருந்தன.

1954இல் ஆல்பர்ட்டினா வாக்கர் நடத்திய காரவன்ஸ் குழுவில் பியானோ வாசிக்கச் சேர்ந்தார். அங்கே ஒரு காரியம் செய்தார். பெண்கள் பின்னால் மெதுவாகப் பாடிக்கொண்டிருக்க, இவர் முன்னால் நின்று பேசினார். பழைய வேதக் கதையையோ, ஒரு தாயின் ஜெபத்தையோ எடுத்துச் சொல்லிக்கொண்டே போய், பேச்சு எங்கே பாட்டாக மாறியது என்று தெரியாமல் மாற்றிவிடுவார். நம் காலட்சேபத்துக்கு மிக அருகில் வருகிற வடிவம் இது. தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியார் கிறிஸ்தவக் கதையைக் காலட்சேபமாகச் செய்தவர். பாட்டும் வசனமும் ஒன்றையொன்று தாங்கிப் போவதை நாம் அறிவோம். ஒரு வித்தியாசம். காலட்சேபத்தில் பின்பாட்டுக்காரர்கள் பாகவதருக்குத் துணை. கிளீவ்லாண்டிடம் பின்பாட்டுத்தான் பாட்டு. பாகவதர் அதற்குத் துணை. (காரவன்ஸில் 1958இல் வந்து சேர்ந்த ஷெர்லி சீசர் இந்தப் பேச்சும் பாட்டுமான முறையை இன்னும் தூரம் கொண்டுபோனார், பின்னாளில் அவரும் வட கரோலினாவில் பாஸ்டரானார்.)

1950களின் முடிவில் டெட்ராய்ட். ஆரெத்தாவின் தகப்பனார் சி.எல். ஃபிராங்க்ளின் பாஸ்டராக இருந்த நியூ பெத்தேல் சபையில் கிளீவ்லாண்ட் இசைப் பொறுப்பு வகித்தார். பதின்ம வயதில் இருந்த ஆரெத்தா இவருடைய பியானோவைப் பார்த்துப் பழகிய காலம் அது. அதே ஊரில் வாய்ஸஸ் ஆஃப் டேபர்னக்கிள் என்ற கொயரோடு இவர் பதிவு செய்த தட்டு நன்றாக விற்றது. அதுவரை காஸ்பெல் தட்டு என்றால் நால்வர் குழு, ஐந்து பெண்கள் குழு, அல்லது தனிக்குரல். கொயர் என்பது ஞாயிற்றுக்கிழமைச் சமாச்சாரம். அதைக் காசு கொடுத்து யார் வாங்குவார்கள் என்று கம்பெனிகள் நினைத்தன. அந்த நினைப்பு மாறியது.

அவர் கொயரை எப்படி நடத்தினார் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், மன்னிக்கவும். நம் சிஎஸ்ஐ, லுத்தரன் ஆலயங்களில் கொயர் என்றால் நான்கு குரல்: சோப்ரானோ, ஆல்டோ, டெனர், பாஸ். கையில் நோட்டுப் புத்தகம். கிளீவ்லாண்ட் பரப்பிய பாணியில் பெரும்பாலும் மூன்றே குரல். ஆண்கள் எல்லாரும் டெனர். பாஸ் வரியை ஆர்கனும் பாஸ் கிதாரும் பார்த்துக்கொள்ளும். மூன்று குரல்களும் நெருக்கமாக, உயரத்தில், முழு பலத்தோடு நிற்கும். அதனால்தான் அந்தக் கொயர்கள் ஒலிக்கும்போது சுவர் நகர்வதுபோல் இருக்கிறது. நோட்டு கிடையாது. ஒரு வரியை ஒரு பிரிவுக்குப் பாடிக் காட்டுவார், அவர்கள் திருப்பிப் பாடுவார்கள். அடுத்த பிரிவுக்குப் போவார். பகலில் கடையிலும் ஆலையிலும் வேலை பார்ப்பவர்கள் மாலையில் வந்து கற்றுக்கொண்டுபோக முடிந்தது இதனால்தான்.

இன்னொன்று பாட்டின் கடைசிப் பகுதி. அமெரிக்க இசைக்காரர்கள் வேம்ப் என்பார்கள். பாட்டின் கதை முடிந்ததும் மூன்று நான்கு சொற்கள் கொண்ட ஒரு துண்டைக் கொயர் பிடித்துக்கொள்ளும், விடாது. அதன்மேல் தனிப்பாடகர் கூப்பிடுவார், கெஞ்சுவார், சாட்சி சொல்வார். இயக்குநரின் விரல் மேலே போனால் எல்லாரும் அரைக்கட்டை ஏறுவார்கள். கை மூடினால் ஒரே நொடியில் நிற்பார்கள். எத்தனை முறை திருப்புவது என்று முன்கூட்டித் தீர்மானிப்பதில்லை, சபை எழுந்து நிற்கும்வரை திருப்பலாம். இங்கேதான் அந்தக் கெட்ட தொண்டை உதவிக்கு வந்தது. தேன் குரல் இருந்தால் எல்லாரும் வாயைமூடி ரசிப்பார்கள். கரகரத்த குரல் ஒன்று திணறித் திணறிக் கூப்பிட்டால் பதில் சொல்லாமல் இருப்பது கஷ்டம்.

1962இல் நியூவார்க்கின் சவாய் இசைத்தட்டுக் கம்பெனியோடு ஒப்பந்தமானது. நியூ ஜெர்சியில் நட்லி என்ற சிற்றூர். அங்கே ஃபர்ஸ்ட் பாப்டிஸ்ட் சபை. அதன் பாஸ்டர் லாரன்ஸ் ராபர்ட்ஸ் சவாய் கம்பெனிக்கு இசைத்தட்டுத் தயாரிப்பாளராகவும் இருந்தார். அந்தச் சபையின் ஏஞ்சலிக் கொயர் சாதாரணச் சபையாரின் கொயர்தான். அவர்களோடு கிளீவ்லாண்ட் தொடர்ச்சியாக ஆராதனைகளையே பதிவு செய்தார். ஸ்டுடியோவின் கண்ணாடி அறை இல்லை. ஆலயம், ஜனம், கைதட்டல், குறுக்கே விழும் ஆமென், எல்லாம் தட்டில் ஏறின.

மூன்றாவது தட்டு 1963 செப்டம்பர் 19, வியாழக்கிழமை, நியூவார்க்கில் ஒரு அட்வென்டிஸ்ட் ஆலயத்தில் பதிவானது. 'பீஸ் பீ ஸ்டில்' என்பது அதன் பெயர். தேதியைக் கவனிக்க வேண்டும். அதற்கு நான்கு நாள் முன்பு, ஞாயிறு காலை, அலபாமா மாநிலம் பர்மிங்ஹாமில் 16ஆம் தெரு பாப்டிஸ்ட் ஆலயத்தில் வெள்ளை இனவெறியர் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் செத்தார்கள். ஆலயத்தில், ஞாயிறு வகுப்பு நாளில். நியூவார்க் ஆலயத்தில் அந்த வியாழன் மாலை கூடியவர்களில் அதை நினைக்காதவர் யாரும் இருந்திருக்க முடியாது. அவர்கள் பாடிய பாட்டோ 1874இல் மேரி ஆன் பேக்கர் என்ற பெண்மணி எழுதிய ஞானப்பாட்டு; மாற்கு சுவிசேஷம் நான்காம் அதிகாரம், படகு, புயல், தூங்கிக்கொண்டிருக்கும் இயேசு. கிளீவ்லாண்ட் அதை நிறுத்தி நிதானமாக எடுக்கிறார். சீஷர்கள் பயந்து கேட்கிற கேள்வி அவர் வாயில் வரும்போது அது பழைய பாலஸ்தீனக் கேள்வியாக இல்லை. புயலைச் சொல்லும்போது கொயர் முழங்குகிறது, அமைதி என்ற சொல் வந்ததும் கிசுகிசுப்பாக இறங்குகிறது, மறுபடி முழங்குகிறது. குண்டுவெடிப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அரசியல் பாட்டு என்று ஒட்டுச்சீட்டு ஒட்டப்பட்ட எத்தனையோ பாட்டுகளைவிட இதில் அந்த வாரம் அதிகமாக இருக்கிறது என்பது என் கருத்து. தட்டு லட்சக்கணக்கில் விற்றது. காஸ்பெல் தட்டு அப்படி விற்பது அன்று அபூர்வம்.

அதன்பின் அவர் நிறையவே பதிவு செய்தார், நூறு தட்டுக்கும் மேல். நேர்மையாகச் சொன்னால், அவற்றில் பாதி அவசரத் தயாரிப்பு. ஊர் ஊராகப் போய் அந்தந்த ஊர்க் கொயரோடு ஒரு தட்டு போடுவது வழக்கமாகிவிட்டது. ஒரே அச்சில் வார்த்த பாட்டுகள் பல. ஆனால் உள்ளூர்க் கொயர்களுக்கு அது பெரிய வாசல். அட்டையில் அவர் பெயரோடு தங்கள் பெயரும் வந்தது.

டோர்சியின் மாணவன் என்பதை அவர் மறக்கவில்லை. வெளி உலகப் பாட்டுகளைத் தயங்காமல் எடுத்தார். கிளாடிஸ் நைட் பாடிப் புகழ்பெற்ற காதல் பாட்டு ஒன்றில் காதலன் இருந்த இடத்தில் இயேசுவை வைத்தார். 1975இல் அது சபைகளில் பெரும் வெற்றி. எல்விஸ் பிரெஸ்லி பாடிய 'இன் தி கெட்டோ'வைக் கொயரோடு பாடினார். கிராமி விருது கிடைத்தது. சேரியின் பசியைப் பற்றிய அந்தப் பாட்டை லாஸ் ஏஞ்சல்ஸ் கறுப்பினக் கொயர் ஒன்று பாடும்போது அதன் பொருள் வேறு கனத்தோடு வருகிறது.

லாஸ் ஏஞ்சல்ஸில் குடியேறிய அவர் 1970இல் அங்கே கார்னர்ஸ்டோன் இன்ஸ்டிட்யூஷனல் பாப்டிஸ்ட் சபையை நிறுவினார். சிறு கூட்டமாகத் தொடங்கியது, அவர் காலத்திலேயே ஆயிரக்கணக்கானவர்களின் சபையானது. கடைசிவரை அதன் பாஸ்டர். வாரநாளில் கச்சேரி, ஞாயிறு பிரசங்கம்.

அவர் செய்தவற்றில் நீண்டநாள் நிற்பது எது என்றால், தட்டுகளுமல்ல, சபையுமல்ல. 1967இல் டெட்ராய்ட்டில் தொடங்கிய காஸ்பெல் மியூசிக் வொர்க்‌ஷாப் ஆஃப் அமெரிக்கா. 1968இல் அதே ஊரில் நடந்த முதல் மாநாட்டுக்கு மூவாயிரம் பேர் வந்தார்கள். முந்தைய ஆண்டின் டெட்ராய்ட் கலவரத்தில் எரிந்த தெருக்கள் ஆறாத நேரம். மாநாடு நடக்கும் முறை எளிமையானது. ஆண்டுக்கு ஒரு ஊரில் ஒரு வாரம் கூடுவார்கள். குரல் பயிற்சி, கொயர் நடத்துவது, பாட்டு எழுதுவது என்று வகுப்புகள். புதிதாக எழுதுபவர்கள் பாட்டைக் கொண்டுவந்து ஆயிரம் பேர் கொண்ட கொயருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள். வாரக் கடைசியில் அதைப் பதிவு செய்து தட்டாக வெளியிடுவார்கள். வந்தவர்கள் பாட்டை மனப்பாடமாக ஊருக்குக் கொண்டுபோவார்கள். அடுத்த ஞாயிறு மெம்பிஸிலும் பால்டிமோரிலும் அது ஒலிக்கும். அச்சுக்கூடம் இல்லாமல், நோட்டு இல்லாமல், ஒரு நாடு முழுக்கப் பாட்டைப் பரப்ப இதைவிடச் சிக்கனமான வழி தெரியவில்லை. இன்றைய கறுப்பின காஸ்பெல் கொயர்கள் ஒரே மாதிரி ஒலிக்கின்றன என்று சிலர் குறை சொல்கிறார்கள். குறை நியாயமானது. அதற்கும் இவர்தான் காரணம்.

இனி 1972 ஜனவரி 13, 14. ஆரெத்தா தன் புகழின் உச்சியில் இருக்கிறார். ஆலயத்துப் பாட்டுக்குத் திரும்பி ஒரு நேரடித் தட்டுப் போட விரும்புகிறார். லாஸ் ஏஞ்சல்ஸில் நியூ டெம்பிள் மிஷனரி பாப்டிஸ்ட் ஆலயம். முன்பு சினிமாக் கொட்டகையாக இருந்த கட்டடம். கிளீவ்லாண்டும் அவருடைய சதர்ன் கலிஃபோர்னியா கம்யூனிட்டி கொயரும் துணை. கொயரை இயக்கியவர் அலெக்ஸாண்டர் ஹாமில்டன். படம் எடுத்தவர் சிட்னி போலாக். ஒலியையும் படத்தையும் இணைக்க உதவும் கிளாப் பலகை அடிக்க விட்டுவிட்டது முதலான தடைகளால் படம் நாற்பத்தாறு ஆண்டு பெட்டிக்குள் கிடந்து, ஆரெத்தா இறந்த 2018இல்தான் வெளியே வந்தது. தட்டு மட்டும் அன்றே வந்து, காஸ்பெல் வரலாற்றிலேயே அதிகம் விற்றவற்றில் ஒன்றானது.

படத்தில் ஆரெத்தா பேசுவதே இல்லை என்று சொல்லலாம். வருவார், பாடுவார், உட்காருவார். பேச்செல்லாம் கிளீவ்லாண்டுடையது. கேமரா இருந்தாலும் இது ஆராதனை என்று ஜனங்களுக்கு நினைவூட்டுகிறார், சிரிக்க வைக்கிறார், பியானோ வாசிக்கிறார், ஆரெத்தாவைத் தாங்குகிறார். படத்தின் பெயர்ப் பாட்டான 'அமேசிங் கிரேஸ்' வரும்போது அவரால் வாசிக்க முடியவில்லை. பியானோவை விட்டெழுந்து போய் உட்கார்ந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறார். ஹாமில்டன் போய் பியானோவைப் பிடித்துக்கொள்கிறார், பாட்டு நிற்கவில்லை. நடிப்பா என்று கேட்பவர்கள் உண்டு. மேடை தெரிந்த மனிதர்தான். ஆனால் அந்தப் பெண்ணைச் சிறுமியாக அறிந்தவர் அவர். அதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

1981இல் ஹாலிவுட் நடைபாதையில் அவர் பெயருக்கு நட்சத்திரம் பதித்தார்கள். காஸ்பெல் கலைஞர் ஒருவருக்கு அதுவே முதல். 1991 பிப்ரவரி 9 அன்று இதயம் நின்று இறந்தார், வயது ஐம்பத்தொன்பது. இறந்தபின் அவருடைய தனி வாழ்க்கையைப் பற்றிப் பேச்சு எழுந்தது, சொத்தின்மேல் வழக்கும் வந்தது. அதற்குள் நான் போகப்போவதில்லை. ஒன்று மட்டும்: கொயர்களில் இருந்த ஓரினச் சேர்க்கையாளர்களின் திறமையை இரு கையாலும் வாங்கிக்கொண்டு, அதே மக்களைப் பீடத்திலிருந்து கண்டித்த சபைகள் அன்று பல. அவர் கதையைத் தேவதூதன் கதையாக எழுதுகிறவர்கள் இந்த இடத்தை வேகமாகக் கடந்துபோகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை.

இறந்து பதினோரு நாளில் கிராமி விழா. கொயர்களுக்கென்று அந்த ஆண்டு வழங்கப்பட்ட காஸ்பெல் விருது அவருக்கும் அவருடைய சதர்ன் கலிஃபோர்னியா கொயருக்கும் போனது.

இப்போது சில பதிவுகளைப் போட்டுக் காட்டப்போகிறோம். முதலில் காரவன்ஸ் காலத்துப் பேச்சுப் பாட்டு, பிறகு 1963 நியூவார்க், கடைசியில் 'அமேசிங் கிரேஸ்' படத்தில் ஒரு பகுதி. நியூவார்க் பதிவில் தனிக்குரலை விட்டுவிட்டு, முழக்கத்திலிருந்து கிசுகிசுப்புக்குக் கொயர் எவ்வளவு சீக்கிரம் இறங்குகிறது என்பதைக் கேளுங்கள். அத்தனை பேரும் காதால் கற்றவர்கள்.